கழுவாத கோழி

ரபியாவின் சிறுநீரகம் கணவருக்குப் பொருந்துகிறது, விருப்பமிருந்தால் ஒன்றைக் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது அவள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "எந்தப் பக்கம் எடுப்பீங்க?" என்று மட்டும் கேட்டாள். அதே ரபியாதான், கோழியைக் கழுவாமல் சமைக்க வேண்டும் என்று கேட்டதும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். யாருக்கு எது லேசு, எது பாரம் என்று வெளியே நின்று பார்க்கிறவர்களால் சொல்ல முடியாது.

கோழியைக் கழுவ வேண்டாமென்று சொன்னவள் வர்ஷா. நோயாளிகள் எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொல்கிற சின்னப் பெண். காதர் மைதீனுக்கு மனைவியின் சிறுநீரகத்தை வைத்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அதற்குள் வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாக மறுபடியும் வந்து படுத்துவிட்டார். புதிதாக வந்ததை உடம்பு வேண்டாமென்று தள்ளிவிடாமல் இருக்க அவர் தினமும் மாத்திரை விழுங்க வேண்டும். அந்த மாத்திரையே கிருமியோடு சண்டை போடுகிற தெம்பையும் குறைத்துவிடும். மற்றவர்களுக்கு ரெண்டு நாள் வயிற்றுவலியோடு போகிற விஷயம், அவருக்குச் சிறுநீரகத்தையே கெடுத்துவிடலாம். அதனால்தான் வீட்டுக்கு அனுப்புகிற அன்று வர்ஷா சமையலறையைப் பற்றி விசாரித்தாள்.

"கோழி எப்படி சமைப்பீங்க, ஆன்ட்டி?"

ரபியாவுக்குப் படித்து வைத்திருந்த கேள்வியே பரீட்சையில் வந்துவிட்ட சந்தோஷம். "தேக்கா மார்க்கெட்ல வாங்கி, தோலெல்லாம் எடுத்துருவேன்மா. முதல்ல சும்மா தண்ணியில அலசுவேன். அப்புறம் மஞ்சளும் கல்லுப்பும் போட்டுக் கசக்கி ஒரு தண்ணி. கோதுமை மாவு போட்டுத் தேச்சு ஒரு தண்ணி. கடைசியா எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ஒரு தண்ணி. குழாயை முழுசா திறந்து விட்டுருவேன். தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் விடமாட்டேன்."

பாராட்டு வரும் என்று காத்திருந்தாள். வர்ஷா கொஞ்சம் தயங்கினாள்.

"ஆன்ட்டி, இனிமே வாஷ் பண்ண வேணாம்."

"எதை?"

"கோழியைத்தான். பையில இருந்து நேரா பானைக்கு. வாஷ் பண்ணா கிருமி போகாது, ஆன்ட்டி. தண்ணியோட தெறிச்சு சிங்க் முழுக்க ஸ்பிரெட் ஆகும். தட்டு, கத்தி, பக்கத்துல வச்சிருக்கிற கொத்தமல்லி, எல்லாத்துலயும் படும். பானையில கொதிக்கும்போதுதான் அது சாகும். மேல தூவுற கொத்தமல்லியை நீங்க கொதிக்க வைக்க மாட்டீங்கல்ல?"

அப்போதுதான் ரபியா எழுந்தது. "அப்ப நான் கழுவுனதாலதான் இவருக்கு இப்படி ஆச்சா?"

"ஐயோ, அப்படிச் சொல்லலை. எதனாலன்னு கண்டுபிடிக்க முடியலை. இனிமே சேஃபா இருக்கணும்லா, அவ்வளவுதான்."

கட்டிலில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த காதர் மைதீன் அங்கிருந்தே தீர்ப்புச் சொன்னார். "கழுவாத கோழியை நான் வாயில வைக்க மாட்டேன்மா. என் மூக்கு ஒத்துக்காது."

அந்த மூக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டன்லப் ஸ்திரீட்டில் அவர் ரொம்ப காலம் அத்தர் கடை வைத்திருந்தார். இப்போது கடையைத் தம்பி மகன் ஹுசைன் பார்த்துக்கொள்கிறான். குப்பியைத் திறக்கும்போதே இது அசல், இது கலப்படம் என்று சொல்லிவிடுவார், அது உண்மைதான். ஆனால் ஊர் மெச்சிய மூக்கை அவர் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் ரபியா பாதி நிம்மதியாக இருந்திருப்பாள். விருந்துக்குப் போன வீட்டில் தட்டைத் தொடுவதற்கு முன் மூக்கு வேலை செய்யும். "ரெண்டு தண்ணியோட நிறுத்திட்டாங்க, கவுச்சி அடிக்குது" என்று அவள் காதில் சொல்லிவிட்டு வெறும் சோறும் ஊறுகாயுமாக எழுந்துவிடுவார். கல்யாணமான புதிதில் அந்த மூக்குக்குப் பயந்து கழுவ ஆரம்பித்தவள்தான் ரபியா. பயம் எப்போதோ போய்விட்டது. கழுவுவது மட்டும் கையோடு தங்கிவிட்டது, அதில் அவளுக்குப் பெருமையும் சேர்ந்துவிட்டது.

சரி, கோழியே வேண்டாம் என்று விட்டுவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது, நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாத்திரையால் வாயெல்லாம் கசப்பு. மீன் இறங்கவில்லை. முட்டையைக் கண்டால் முகத்தைத் திருப்பினார். ரபியா வைக்கிற கோழி ஆணம், அந்தக் குழம்பு ஒன்றைத்தான் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். கழுவினால் அவருக்கு ஆபத்து, கழுவாவிட்டால் அவர் சாப்பிடமாட்டார். ரபியா நன்றாக மாட்டிக்கொண்டாள்.

பாசிர் ரிஸ் வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மார்சிலிங்கில் இருக்கும் மகள் நஸீஹா தேக்காவிலிருந்து கோழி வாங்கி வந்தாள். வாப்பாவும் மகளும் ஹாலில் பேசுவதைக் கேட்டுக்கொண்டே ரபியா வெங்காயம் வதக்கினாள், தேங்காய் அரைத்தாள், கோழிப் பையைப் பிரித்தாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. மூன்றாவது தண்ணியில் கோதுமை மாவு தேய்க்கும்போதுதான் வர்ஷா சொன்னது ஞாபகம் வந்தது. தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் கையெல்லாம் மாவு. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இன்றைக்கு ஒரு நாள் தப்பாகிப் போகட்டும் என்று எலுமிச்சம்பழத் தண்ணியையும் முடித்துவிட்டுக் குழாயை மூடினாள்.

அப்போது அந்தத் தம்ளரைப் பார்த்தாள்.

அவர் மாத்திரை சாப்பிடுகிற எவர்சில்வர் தம்ளர். கழுவிய கையோடு சிங்க் ஓரத்தில் கவிழ்த்து வைப்பது வழக்கம். மேலே தெரிந்த அதன் அடிப்பாகத்தின் மேல், இளஞ்சிவப்பாக ஒரு சொட்டுத் தண்ணி உட்கார்ந்திருந்தது. பக்கத்துத் தட்டில் இரண்டு. கொத்தமல்லிக் கட்டின் மேல் எத்தனை என்று தெரியவில்லை, இலைமேல் பட்டது கண்ணுக்கா தெரியும்? இத்தனை வருஷமும் இப்படித்தானே தெறித்திருக்கும், நான்தானே தினமும் அந்தத் தம்ளரை அவர் கையில் எடுத்துக் கொடுத்தேன் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கொத்தமல்லியைக் குப்பையில் போட்டாள். தம்ளரையும் தட்டையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, கொதிக்கிற தண்ணீரை ஊற்றினாள். பிறகு தம்ளரை எடுத்துக்கொண்டுபோய் ஹால் அலமாரியில் வைத்துவிட்டு வந்தாள். அதற்கப்புறம் அது சிங்க் பக்கம் நிற்கவே இல்லை.

ஆணம் மணக்க மணக்க மேசைக்கு வந்தது. நஸீஹாவுக்கு அடுப்படியில் நடந்தது எதுவும் தெரியாது.

"உம்மா இன்னைக்குக் கோழியைக் கழுவவே இல்லை, வாப்பா. ஆஸ்பத்திரியில சொன்ன மாதிரியே செஞ்சிருக்காங்க. பயப்படாம சாப்பிடுங்க."

ரபியா திருத்த வாயெடுத்தாள். மகள் முன்னால், சொன்ன முதல் நாளே தப்புச் செய்தேன் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. ஆணத்தை அள்ளி அவர் தட்டில் ஊற்றினாள்.

காதர் மைதீன் தட்டை மூக்கருகில் கொண்டுபோனார். கண்ணை மூடினார். அத்தர் குப்பியைச் சோதிக்கிற அதே கம்பீரம். பிறகு தட்டை மெல்லத் தள்ளி வைத்தார்.

"கவுச்சி. தூக்கி அடிக்குது. நான்தான் சொன்னேன்ல?"

நாலு தண்ணியில் கழுவிய கோழி அது. ரபியாவுக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த கணமே அழுகையும் வந்தது. இந்த மனுஷர் மூக்கால் மோந்து பார்க்கவில்லை, காதால் மோந்து பார்க்கிறார் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இத்தனை விருந்து வீடுகளில் பசியோடு எழுந்து வந்தது இந்த லட்சணத்தில்தானா?

அவளுடைய திட்டம் அங்கேதான் பிறந்தது.

அடுத்த முறை கோழி வந்ததும், பையைத் தொடுவதற்கு முன்னால் ரபியா காலிப் பேசினை சிங்கில் வைத்துக் குழாயை முழுக்கத் திறந்தாள். தண்ணி தடதடவென்று விழுந்தது. கொஞ்சம் பொறுத்து மூடினாள். பேசினைக் கவிழ்த்தாள். மறுபடி வைத்து, மறுபடி திறந்தாள். நாலு தண்ணிக்கும் நாலு தடவை, ஒன்றைக்கூட விடவில்லை. அதற்கப்புறம் கோழியைப் பையிலிருந்து நேராகப் பானையில் போட்டாள். மூடியைப் போட்டுவிட்டுச் சோப்பால் கையைத் தேய்த்தாள், சிங்க் ஓரத்தைத் துடைத்தாள். எலும்பிலிருந்து கறி கழன்று வருகிற வரைக்கும் கொதிக்க விட்டாள். அன்றைக்கு அவள் பருப்பு ஊற்றித்தான் சாப்பிட்டாள். கழுவாத கறியை வாயில் வைக்க அவளால் முடியவில்லை.

அவர் மூன்றாவது தடவையாகச் சோறு போட்டுக்கொண்டார்.

"இதுதான் ஆணம்! நல்லா கழுவுனியா?"

"சத்தம் கேக்கலையா?" என்றாள் ரபியா.

அப்படியே அது தொடர்ந்தது. வாயால் அவள் பொய் சொல்லவில்லை, குழாய்தான் சொன்னது. இருந்தாலும் மனசு உறுத்தாமல் இல்லை. அவர் கன்னத்தில் சதை வைத்ததைப் பார்க்கும்போதெல்லாம் உறுத்தல் கொஞ்சம் அடங்கும். நாளாக ஆக அவளும் அந்த ஆணத்தில் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். ருசியில் எந்த மாற்றமும் தெரியவில்லை. அது அவளுக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. அத்தனை வருஷ உழைப்பு!

பரிசோதனைக்குப் போன நாளில்தான் வினை வந்தது. டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த இடத்தில், கிளமெண்டியிலிருந்து வந்த ஒரு தம்பதி பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கணவர் அண்ணாதுரை, போன மாதம்தான் மாற்றுச் சிறுநீரகம் வைத்துக்கொண்டவர். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் உள்ளே போயிருந்தன. புறங்கையில் ஊசி குத்திய இடம் இன்னும் நீலமாக இருந்தது. மனைவி கண்மணிதான் பேச்சைத் தொடங்கினாள். சாப்பாட்டுப் பேச்சு கோழியில் வந்து நின்றது.

"கழுவவே கூடாதுங்கறாங்க அக்கா. எனக்கு மனசே ஒப்பலை. வாங்குன கோழி அப்படியே ஃப்ரிஜ்ல கிடக்கு. எப்படி அதைக் கழுவாம இவருக்குக் கொடுக்கிறது?"

ரபியா பதில் சொல்வதற்குள் காதர் மைதீன் முந்திக்கொண்டார். "இவங்க சொல்றதையெல்லாம் கேட்டா பட்டினிதான் கிடக்கணும், தங்கச்சி. தைரியமா கழுவுங்க. எங்க வீட்டுல நாலு தண்ணி. மஞ்சள், உப்பு, மாவு, எலுமிச்சை. குழாயை நல்லா திறந்து விட்டுக் கழுவணும். என்னைப் பாருங்க, எப்படி இருக்கேன்?"

நன்றாகத்தான் இருந்தார். அதுதான் ஆபத்து.

"நிஜமாவா பாய்?" கண்மணியின் முகம் மலர்ந்துவிட்டது. யாராவது சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தவள் மாதிரி இருந்தாள். "இன்னைக்கே போய் நல்லா கழுவிச் சமைச்சுடறேன். பாவம், இவரும் ரொம்ப நாளா கேக்கறாரு."

ரபியா அண்ணாதுரையின் நீலம் பாரித்த கையைப் பார்த்தாள். அவர் வீட்டிலும் ஒரு தம்ளர் சிங்க் ஓரத்தில் கவிழ்ந்துதான் இருக்கும். தன் வீட்டுக்குள் அவள் செய்த கள்ளத்தனம் வேறு. அது கிளமெண்டிக்கு ரயிலேறிப் போய் இந்த மனுஷரைப் படுக்கையில் போட்டால், அதை எந்தத் தொழுகையில் சொல்லி மன்னிப்புக் கேட்பது? பக்கத்தில் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நோய் வந்ததிலிருந்து அவர் அப்படி உட்கார்ந்து அவள் பார்க்கவில்லை. சொன்னால் அவர் முகம் எப்படி ஆகும் என்று தெரிந்துதான் சொன்னாள்.

"கழுவாதீங்க, கண்மணி."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"எங்க வீட்டுல கழுவுறதில்லை. காலிப் பேசின்ல குழாயைத் திறந்து விட்டுருவேன். இவருக்குச் சத்தம் கேக்கணும்ல, அதுக்காக. இவர் இத்தனை நாளா சாப்பிட்டதெல்லாம் கழுவாத கோழிதான். அதான் இப்படி நல்லா இருக்காரு. நீங்களும் நேரா பானையில போட்டு நல்லா கொதிக்க விடுங்க."

கண்மணி "ஓ" என்றாள். அண்ணாதுரை இருமுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார், அது சிரிப்பு என்று எல்லாருக்கும் தெரிந்தது. காதர் மைதீன் கழுத்தில் தொங்கவிட்டிருந்த முகக்கவசத்தை எடுத்துக் கண் வரைக்கும் ஏற்றிப் போட்டுக்கொண்டார்.

டாக்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னார். இரண்டு பேர் காதிலும் அது ஏறவில்லை. பாசிர் ரிஸ் வரைக்கும் ரயிலில் அவர் எதிர் வரிசையில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் வெடித்தார்.

"எத்தனை நாளா இது?"

"நீங்க ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து."

"அசுத்தத்தைத் தின்ன வச்சிட்டியே, ரபியா! அதுவும் ஏமாத்தி! நாலு பேர் முன்னாடி என் மூக்கை அறுத்துட்டே!"

"அசுத்தமில்லைங்க. நஸீஹாவை விட்டுப் பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேட்டுட்டேன். அறுக்கும்போது ஓடுற ரத்தம்தான் கூடாது, கறியில தங்குறதுக்குக் குத்தமில்லைன்னுட்டாரு."

"அவர் சொல்லுவாரு. மோந்து பார்த்துத் தின்னுறவன் நான்ல?"

"என்னத்த மோந்து பார்த்தீங்க? முதல் நாள் கவுச்சின்னு தள்ளுனீங்களே, அதை நான் நாலு தண்ணியில கழுவியிருந்தேன். மறந்துபோய்க் கழுவிட்டேன். அன்னைக்குத்தான் உங்க மாத்திரைத் தம்ளர் மேல ரத்தத்தண்ணி சொட்டு நின்னதைப் பார்த்தேன்."

ரபியா நிறுத்தியிருக்கலாம். ஆனால் இத்தனை மாதமாக அடக்கி வைத்தது, வந்த வேகத்தில் எல்லாம் வந்துவிட்டது.

"என்கிட்ட இருந்து ஒண்ணை எடுத்து உங்க வயித்துல வச்சாங்களே, அதை எத்தனை தண்ணியில கழுவுனாங்க? மோந்து பார்த்தா வாங்கிக்கிட்டீங்க? அது என் உடம்புல இருந்த வரைக்கும் நான் ஒரு நாள்கூட அதை நினைச்சதில்லைங்க. உங்ககிட்ட வந்ததுல இருந்துதான் எந்நேரமும் பயந்துக்கிட்டு இருக்கேன். அது போயிருச்சுன்னா மிச்சம் இருக்கிற ஒண்ணையும் கொடுத்துருவேன். ஆனா எடுக்க மாட்டாங்களே!"

சொல்லிவிட்டு அழுதாள். அழுகையை மறைக்க அடுப்படிக்குள் போய், ஒரு வேலையும் இல்லாமல் அடுப்பைத் துடைத்தாள். காதர் மைதீன் நின்ற இடத்திலேயே நின்றார். அவர் கை அடிவயிற்றின் வலது ஓரத்துக்குப் போனது. தழும்பு இருக்கிற இடம் அது. அங்கேதான் அவளுடையது இருந்தது. சட்டைக்கு மேலே கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றுவிட்டு, அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுக்கக் கஞ்சியும் முட்டையும்தான். முட்டையை முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். பேச்சு ரெண்டொரு வார்த்தைக்கு மேல் போகவில்லை. கோபமா, வெட்கமா என்று ரபியாவால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஒருவேளை அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். தான் பேசியது அதிகம்தானோ, கொடுத்ததைச் சொல்லிக்காட்டிவிட்டோமோ என்று அவளுக்கும் குத்திக்கொண்டே இருந்தது. கொடுத்த நாளிலிருந்து அவள் அதை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோழி வந்தது. அவர் சாப்பிட்டாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி என்று ரபியா வெங்காயத்தை வதக்கினாள், மசாலாவைப் போட்டாள். இனி யாருக்காக நாடகம்? பேசினை எடுக்கவில்லை. குழாயைத் தொடவில்லை. பையைப் பிரித்து, ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பானையில் போட ஆரம்பித்தாள். அந்த வீட்டில் கோழி சமைக்கும்போது தண்ணிச் சத்தம் இல்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. அவளுக்கே என்னவோ போல இருந்தது.

அடுப்படி வாசலில் நிழல் தட்டியது. காதர் மைதீன் நின்றார். பானையைப் பார்த்தார், காய்ந்து கிடந்த சிங்க்கைப் பார்த்தார்.

"ரபியா."

"ம்."

"கழுவ வேணாம்."

"கழுவலைங்க."

அவர் போகவில்லை. கதவு நிலையை விரலால் தடவிக்கொண்டு நின்றார். பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "குழாயை மட்டும் கொஞ்ச நேரம் திறந்து விடேன், புள்ள. அந்தச் சத்தம் கேக்காம எனக்குப் பசியே எடுக்க மாட்டேங்குது" என்றார்.

ரபியா திரும்பினாள். கண் நிறைந்துவிட்டது. துடைக்க முடியவில்லை, இரண்டு கையையும் விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என் கையெல்லாம் பச்சைக் கறி. இதோட குழாயைத் தொடக்கூடாதுன்னு வர்ஷா சொல்லியிருக்கு. நீங்களே திறங்க."

காதர் மைதீன் உள்ளே வந்தார். பேசினை எடுத்து சிங்கில் வைத்தார். பெரிய வேலை செய்கிற மாதிரி சட்டைக் கையை மடித்துக்கொண்டு, குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். காலிப் பேசினில் தண்ணி தடதடவென்று விழுந்தது. அவர் சோப்பை எடுத்து அவள் பக்கமாக நகர்த்தி வைத்தார். அந்தத் தண்ணியில் ரபியா கையைக் கழுவினாள்.